ஆடி காரும் குட்டியானையும்

ஏலே மருமவனே, இப்படித் திண்ணையில வந்து உக்காரு. நீ ஆல்பம் எடுக்கப்போறேன்னு உங்கம்மா நேத்து வந்து சொன்னா. ஆல்பம்னு காதுல விழுந்ததும் உனக்குப் பொண்ணு அமைஞ்சிட்டாக்கும்னு வெத்தலையைத் துப்பிட்டு எந்திரிச்சே நின்னுட்டேன். அப்புறந்தான் சொல்லுதா, "அண்ணே, இது கல்யாண ஆல்பம் இல்ல, பாட்டு ஆல்பமாம்"னு. எங்க காலத்துல ஆல்பம்னா ஒரு கேசட்டு நெறையப் பாட்டு இருக்கும். இப்ப ஒத்தைப் பாட்டுக்குப் படம் புடிச்சுப் போட்டா அதுக்குப் பேரு ஆல்பமாம். இருக்கட்டும். ஒத்தை மரத்தைத் தோப்புன்னு பத்திரம் எழுதுத ஊருதானே நம்ம ஊரு.

உன் திட்டத்தையும் ஒண்ணு விடாமச் சொன்னா. ஒரு நாள் வாடகைக்கு ஆடி கார். "ஆடித் தள்ளுபடியில எடுத்ததா?"ன்னு கேட்டேன், மொறைச்சா. மெட்ராஸ்ல இருந்து மாடல் புள்ளைக ரெண்டு பேரு. கொடைக்கானல் மஞ்சு. தலைக்கு மேல சுத்துததுக்கு ஒரு ட்ரோன். நீ கூலிங்கிளாஸ் மாட்டிக்கிட்டு, கார் பானெட்டு மேல ஏறி உக்காந்து அழுவியாம். ஏன்னா பாட்டு லவ் பெயிலியர். செலவுக்கு நாலு வெள்ளாடு. ஆடு வித்தாச்சா, இன்னும் கொட்டடியில நிக்கா? நின்னா நல்லது. பேசுததுக்கு நேரம் இருக்கு.

எனக்கு ரெண்டே சந்தேகந்தான். ஆடி கார் வச்சிருக்கவனை விட்டுட்டு அந்தப் புள்ள எதுக்குப் போனா? கூலிங்கிளாஸைக் கழட்டாம அழுதா உன் கண்ணீரு யாருக்குத் தெரியும்?

மாமனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு பாக்கியா? முப்பது வருஷம் ரேடியோ செட்டு வச்சிருந்தவன்லே நான். சடங்கு, காதுகுத்து, கோயில் கொடைன்னு வேப்பமர உச்சியில குழாயைக் கட்டி, மூணு ஊருக்குப் பாட்டுப் போட்டவன். அந்த முப்பது வருஷத்துல ஒருத்தனாவது வந்து "சௌந்தரராஜன் பாட்டு போடுங்க"ன்னு கேட்டிருப்பான்னு நெனைக்கியா? எம்ஜியார் பாட்டு போடு, சிவாஜி பாட்டு போடு, இதுதான். ரெண்டு கட்சிக்கும் நான் பெட்டியில தேடி எடுக்கது டி.எம்.எஸ். பாடின ரெக்கார்டு. எம்ஜியார் ஆளுக்கு அது எம்ஜியார் குரலு, சிவாஜி ஆளுக்கு சிவாஜி குரலு. டி.எம்.எஸ்ஸே 1962-ல பட்டினத்தாரா வேசம் கட்டி நடிச்சுங்கூட, ரோட்டுல நடந்துபோனா அடையாளம் தெரியாத ஆளு நம்ம பக்கம் எத்தனையோ பேரு. தொண்டை ஒருத்தருக்கு, முகம் இன்னொருத்தருக்கு. நம்ம சினிமாப் பாட்டு பொழச்சதே இந்தக் குத்தகையிலதான், பாத்துக்கோ.

அப்புறம் பஞ்சாயத்து டிவி வந்துச்சு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒலியும் ஒளியும். ஊரே அங்கதான். பேரைக் கவனிச்சியா? வானத்துல மின்னல் முந்தி, இடி பிந்தி. தூர்தர்ஷன்காரங்க மட்டும் ஒலியை முன்னால வச்சு ஒளியைப் பின்னால உக்கார வச்சிருந்தாக. பேரு வச்ச மகராசன் யாரோ, பாட்டுன்னா என்னன்னு தெரிஞ்ச ஆளு. ஆனா அந்த ஒளியால எனக்கு ஒரு நட்டமும் வந்துச்சு. ஒரு பாட்டை ரெண்டு வருஷமா இலங்கை ரேடியோவுல கேட்டு, ஆத்தங்கரை, தாழம்புதரு, தூத்தல்னு எனக்குள்ள நானே ஒரு படம் ஓட்டி வச்சிருந்தேன். டிவியில பாத்தா கதாநாயகரு ஊட்டிப் புல்லுல உருளுதாரு. அன்னையில இருந்து அந்தப் பாட்டு எங்க கேட்டாலும் எனக்குத் தாழம்பூ வரல, அந்த உருளல்தான் வருது. பாட்டு மேல படம் ஒருக்க ஒட்டிக்கிட்டா, தோலை உரிச்சாலும் வராது. நீ ஆடி காரை ஒட்டப்போறே. அதான் கேக்கேன்.

என் பேத்தி காலேஜ்ல விஸ்காம் படிக்கால்லா, லீவுக்கு வந்தா போனைக் கையில குடுத்து ஒவ்வொண்ணாக் காட்டுதா. கொரியாக்காரன் ஒருத்தன், சைன்னு பேரு, கொஞ்சம் தடிச்ச உடம்பு, உன்ன மாதிரியே கூலிங்கிளாஸு. கங்னம் ஸ்டைல். 2012 ஜூலையில வந்து, அந்த டிசம்பர் முடியுததுக்குள்ள யூடியூப்ல நூறு கோடித் தடவை பாத்த முதல் வீடியோன்னு ஆகிட்டு. கங்னம்ங்கது சியோல் பட்டணத்துல பணக்காரங்க இருக்க பக்கம். பாட்டு எடுத்த எடுப்புலயே நம்மாளு சாஞ்ச நாற்காலியில கடற்கரை மைனர் மாதிரி படுத்துக் கெடக்கான். கேமரா பின்னால போகப் போகத்தான் தெரியுது, அது கடற்கரை இல்ல, சின்னப்புள்ளைக வெளையாடுத பார்க்கு மணலு! இன்னொரு இடத்துல ரெண்டு பக்கமும் ரெண்டு பொண்ணுக, நடுவுல இவன் ராசா மாதிரி நடந்து வாரான். எதுத்தாப்புல இருந்து காத்தடிக்கி. அது பூவைக் கொண்டுவந்து போடும்னு பாத்தா, குப்பையும் பேப்பரும் நுரையும் மூஞ்சியில வந்து அப்புது. கடைசியில கக்கூஸ்ல உக்காந்தும் பாடுதான்.

நான் சிரிச்ச சிரிப்புல பேத்திக்குப் பயமே வந்துட்டு. எதுக்குச் சிரிச்சேன்னு நெனைக்கே? வாடகைப் பவுசு காட்டுதவன் எப்படி இருப்பான்னு காட்டத்தான் அவன் அப்படி எடுத்திருக்கான். உன் திட்டத்துல உள்ள எல்லாமே அதுல இருக்கு. ரெண்டு பொண்ணு இருக்கு, காத்து இருக்கு, கூலிங்கிளாஸ் இருக்கு. குப்பை ஒண்ணுதான் பாக்கி. அவன் கேலிக்குச் செஞ்சதை நீ காசு குடுத்து நெசமாச் செய்யப்போறே!

கோவிக்காதே. மாமன் மட்டும் யோக்கியமான்னு கேப்பே. உள்ள அத்தை டிரங்குப் பெட்டியில ஒரு போட்டோ இருக்கு, போயி எடுத்துப் பாரு. பொண்ணு வீட்டுக்கு அனுப்ப கோவில்பட்டியில ஒரு ஸ்டூடியோவுல எடுத்தது. பின்னால திரையில தாஜ்மகால். ஸ்டூடியோவுக்குன்னு ஒரே ஒரு கோட்டு, அது யாரு போனாலும் போடுத கோட்டு. எனக்கு முழங்கையோட நின்னுட்டு. முன்னால ஒரு மோட்டார் சைக்கிள், அட்டையில செஞ்சது. கல்யாணமாகி ஒரு வாரம் உங்க அத்தை வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தா. எட்டாம் நாள் கேட்டா, "வண்டி ஒர்க்ஷாப்ல கெடக்கா?"ன்னு. நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ஒர்க்ஷாப்ல இருந்து வரலன்னு வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுதா.

அதுக்காகப் படத்துல பொய்யே ஆகாதுன்னு சொல்ல வரல. மைக்கேல் ஜாக்சன் திரில்லரு இருக்கே, அது பூராவும் பொய்தான். 1983 டிசம்பர்ல வந்தது. பதினாலு நிமிசத்துக்குக் கிட்ட ஓடும். ஓநாய் மனுசனைப் பத்தி ஒரு பேய்ப்படம் எடுத்திருந்த ஜான் லாண்டிஸுங்கிற சினிமா டைரக்டரைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னாரு. செவப்பு ஜாக்கெட்டு, சுடுகாட்டுல இருந்து எந்திரிச்சு வார பொணங்க, அதுக கூட இவரும் ஆட்டம். ஆல்பம் வந்து ஒரு வருசம் ஆகி விக்கிறது கொறஞ்சிருந்த நேரம், இந்தப் படம் வந்து திரும்பத் தூக்கி நிறுத்துச்சு. இதுல எனக்குப் புடிச்சது எது தெரியுமா? ஆரம்பத்துலயே ஒரு அட்டை போடுதாக. இந்தப் படம் பேய் பிசாசு நம்பிக்கையை ஆதரிக்கலங்கிற மாதிரி மைக்கேல் ஜாக்சன் பேருல ஒரு அறிவிப்பு. அவரு இருந்த சபையில பேய்ப்படத்தை ஒத்துக்க மாட்டாகளாம். நம்ம ஊரு கோடாங்கி ஒருத்தனுக்கும் இந்த நேர்மை வரல பாத்தியா.

அந்தப் பாட்டே பேய்ப்பாட்டுலே. பேயைப் பாடினாரு, பேயைக் காட்டினாரு. அந்தப் பொய்யி பாட்டுக்கு ரத்த சொந்தம். உன் பாட்டுல காரு எங்க இருக்கு? ஒரு வரியிலயாவது ஆரன் சத்தமாவது வருதா?

இதைவிட ஒண்ணு காட்டினா. அதைப் பாத்துட்டு நான் போனைப் பேத்தி கையில குடுத்துட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன். ஜானி கேஷ்னு அமெரிக்காவுல ஒரு பெரிய பாட்டுக்காரரு. எப்பவும் கறுப்புச் சட்டைதான், அதான் அவருக்கு அடையாளமே. 70 வயசுல ஒரு பாட்டைப் பாடுதாரு. பாட்டு அவரோடது இல்ல. ட்ரெண்ட் ரெஸ்னர்னு ஒரு சின்ன வயசுக்காரரு 1994-ல தன் குழுவுக்குன்னு எழுதினது. ஹர்ட்டுன்னு பேரு. அதுக்கு மார்க் ரொமானெக் எடுத்த படத்துல ஒண்ணுமே இல்லடே. கெழவரு வீட்டுல உக்காந்திருக்காரு. மேசை நெறையப் பலகாரம், திங்க ஆளில்ல. நடுங்குத கையால கோப்பையில உள்ள ஒயினை எடுத்து அந்தச் சாப்பாட்டு மேலயே ஊத்துதாரு. ஊடால ஊடால அவரு வாலிபத்துல ஓடுத ரயிலு மாதிரி இருந்த பழைய படங்க. அவரு பேருல இருந்த மியூசியம் ஒண்ணு பூட்டிப் பாழடைஞ்சு கெடக்கு, அதையும் காட்டுதாக. அவரு பொஞ்சாதி ஜூன் மாடிப்படியில நின்னு அவரைப் பாக்குது. அந்தப் பார்வை இருக்கே, அது எந்த மாடலுக்கு எவ்வளவு குடுத்தாலும் வராது. படம் 2003-ல வந்துச்சு. அந்த மே மாசம் அந்தம்மா போயிட்டு. செப்டம்பர்ல அவரும் போயிட்டாரு. பாட்டை எழுதின ரெஸ்னரு படத்தைப் பாத்துட்டு, இது இனி என் பாட்டு இல்லன்னு சொல்லிட்டாராம். எழுதினவன் வாயாலயே பட்டா மாறிப்போச்சு பாரு. பதிவாபீசுல கூட இவ்வளவு சுளுவா நடக்காது.

சரி, வெள்ளைக்காரன் கதை போதும். நம்மூருல பாடினவங்க ஆல்பத்துல தன் முகத்தோட வெளிய வரத் தொடங்கினது பிந்தித்தான். ரகுமானை எடுத்துக்கோ. ரோஜா வந்தது 1992-ல. அந்தப் படத்துப் பாட்டை எத்தனை கல்யாணத்துல போட்டிருப்பேன். ஆளு எப்படி இருப்பாகன்னு எனக்குத் தெரியாது. 1997-ல சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்தே மாதரம் ஆல்பம் வந்து, பரத்பாலா எடுத்த படத்துல முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு அவுகளே நின்னு பாடினாக. அப்பத்தான் "அட, இந்தப் பையனா?"ன்னு ஊரே பாத்தது. கதாநாயகன் யாருக்கும் வாயை வாடகைக்குக் குடுக்காத பாட்டு. உன் ஆல்பத்துக்கும் அந்த ஒரு பவுசு உண்டுலே, அதை நெனச்சுத்தான் எனக்கு வயிறு எரியுது. டி.எம்.எஸ்ஸுக்குக் கெடைக்காத எடம் உனக்கு ஒரு போனுலயே கெடைச்சிருக்கு. பாடுதவன் முகத்தை ஊரு பாக்கப்போகுது. நீ அதைக் கறுப்புக் கண்ணாடி போட்டு மூடப்போறே.

எஞ்சாயி எஞ்சாமி பாத்திருப்பே. 2021 மார்ச்சுல வந்தது. அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசை, அமித் கிருஷ்ணன் எடுத்த படம். அதுல அறிவோட பாட்டி வள்ளியம்மாளைக் கொண்டாந்து காட்டியிருக்காக. இலங்கையில தேயிலைத் தோட்டத்துல உழைச்ச கையி அது. கண்டிச்சீமைக்குப் போயி, காட்டைத் திருத்தித் தோட்டமாக்கி, கடைசியில துண்டு நெலங்கூட இல்லாமத் திரும்பி வந்த சனங்க கதை. நம்ம பக்கத்துலயும் அப்படிப் போனவங்க வம்சம் இருக்கு, நீ கேட்டுப் பாத்திருக்க மாட்டே. பாட்டுல சொல்லுத பூமிக்கு அந்தக் கெழவி முகந்தான் வரைபடம். அந்த முகத்தை எடுத்துட்டு அங்க ஒரு சினிமாக்காரியை உக்கார வச்சுப் பாரு, பாட்டு நொண்டும். 40 கோடித் தடவைக்கு மேல பாத்தாச்சு.

ஆனா முகம்ங்கிறது கோயில் தேர் மாதிரி, வடத்தைப் புடிச்சவன் ஒருத்தன், மேல உக்காந்தவன் ஒருத்தன்னு ஆயிரும். அதே வருசம் ஆகஸ்ட்டுல ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில தீ படம் வந்துச்சு, கூட இன்னொரு பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் படம் வந்துச்சு. அறிவு படம் இல்ல. பா. ரஞ்சித் அதை எடுத்துக் கேட்டாக, பெரிய சலசலப்பாச்சு, அப்புறம் அறிவு படத்தோட தனியா ஒரு டிஜிட்டல் அட்டை போட்டாக. துட்டுக் கதை வேற. மூணு வருசம் ஆகியும் அந்தப் பாட்டுல இருந்து தங்களுக்கு ஒரு பைசா வரலன்னு சந்தோஷ் நாராயணனே 2024 மார்ச்சுல வெளிப்படையாச் சொன்னாக. 40 கோடித் தடவை பாத்த பாட்டுக்கே கதி இது. நீ நாலு ஆட்டை வித்துட்டு, வியூஸ்ல அஞ்சாவது ஆடு வாங்கலாம்னு கணக்குப் போட்டிருக்கியாம்லா? நல்ல கணக்கு. உங்க கணக்கு வாத்தியாரு கேட்டா சந்தோசப்படுவாரு.

அதே அறிவு இருந்த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு 2018 ஜனவரியில சென்னையில மேடை ஏறினப்ப, கானாக்காரங்க உட்பட எல்லாருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கோட்டு. கானான்னா லுங்கியும் பனியனுந்தான்னு நெனச்சு வந்தவனை அந்தக் கோட்டே ஒரு அறை விட்டிருக்கும். பாத்ததும் எனக்கு அம்பேத்கர் கோட்டுதான் ஞாபகம் வந்துச்சு. நான் போட்டதும் கோட்டுதான். முழங்கை வரைக்கும்.

செலவழிக்காம ஒண்ணும் ஓடாதும்பே. 2011 நவம்பர் 16-ஆந்தேதி கொலைவெறி வந்துச்சு. என்ன காட்டினாக? பாட்டுப் பதியுத ரூமு. தனுஷ் காதுல ஹெட்போன், முன்னால மைக்கு, பக்கத்துல அனிருத்து. டீக்கடையில நாலு பேரு சும்மா உக்காந்து வம்பளக்க மாதிரி இருந்துச்சு. பாட்டும் அந்த வம்புதானே, பொருந்திப் போச்சு. அப்புறம் '3'ங்கிற படத்துல அதே பாட்டுக்குக் கதையோட காட்சி வச்சாக. எனக்கு அது ஒட்டவே இல்ல. மனசு திரும்பத் திரும்ப அந்த ரூமுக்கே ஓடுச்சு. ஆனா அதே தனுஷோட ரவுடி பேபி செட்டு, கலரு, பிரபுதேவா சொல்லிக் குடுத்த ஆட்டம்னு எடுத்தது. அது நூறு கோடி வியூஸ் தாண்டிச்சு, அதுவும் எந்தத் தேதியில, கொலைவெறி வந்து சரியா ஒம்பது வருசம் கழிச்சு அதே நவம்பர் 16-ல. அந்தப் பாட்டு ஆட்டத்துக்குன்னே பொறந்த பாட்டு. சாய் பல்லவி கால் ஒரு எடத்துல நிக்கலையே. சிக்கனமா எடுக்கவான்னு கேக்காதே, செலவழிச்சு எடுக்கவான்னும் கேக்காதே. பாட்டைக் கேளு.

இன்னொண்ணு. ஸ்லோமோவுல நடந்துக்கிட்டே பாடப்போறியாம். அதுல ஒரு சூத்திரம் இருக்கு, உன் கேமராக்காரன் சொன்னானா? சாதாரணமா செகண்டுக்கு 24 படம். மெதுவாக் காட்டணும்னா 48 எடுப்பான். அப்ப பாட்டை ரெட்டை வேகத்துல போட்டு, நீயும் ரெட்டை வேகத்துல வாயசைக்கணும். அப்பத்தான் பின்னால மெதுவா ஓட்டுதப்ப உதடு பாட்டோட பொருந்தும். உன் சோகப்பாட்டு அணில் கத்துதாப்புல கீச்சுக் கீச்சுன்னு ஓடும். நீ நடுரோட்டுல முகத்தைச் சோகமா வச்சுக்கிட்டு வாயை மட்டும் கோழி கொத்துதாப்புல அடிக்கணும். அந்த ரெண்டு மாடல் புள்ளைகளும் சிரிக்காம நின்னா, அதுகளுக்கு ரெண்டு மடங்கு சம்பளம் குடு. கோல்ட்ப்ளேன்னு ஒரு குழுவுல பாடுத கிறிஸ் மார்ட்டின், படத்தைத் தலைகீழா ஓட்டுததுக்காகப் பாட்டைக் கடைசியில இருந்து முதலுக்குப் பாட ஒரு மாசம் பழகினாராம். நீ நேராப் பாடுததையே ரெண்டு நாள் பழகலன்னு உங்கம்மா சொல்லுதா.

இப்ப விசயத்துக்கு வாரேன். நீ என்ன வண்டி ஓட்டுதே? குட்டியானை. காலையில தீப்பெட்டி ஆபீஸ்ல பண்டல் ஏத்தி, சாயந்திரம் வரை கரிசக்காட்டு ரோட்டுல தூசியைத் தின்னுக்கிட்டு ஓட்டுதே. பின் கதவுல உன் பேரை நீயே பெயின்ட்டுல எழுதி, ஒரு எழுத்தைத் தப்பா வச்சிருக்கே. லவ் பெயிலியர்னு சொன்னியே, அந்தப் புள்ள யாருன்னு மாமனுக்குத் தெரியாதுன்னா நெனைக்கே? ஆபீஸ் வாசல்ல ஆரனை மூணு தடவை அடிப்பியே, ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீ குடிச்சுக்கிட்டு எண்ணினவன் நான்தான். அந்த ஆரன் உன் பாட்டுல இல்லையேன்னுதான் அப்பவே கேட்டேன். அவ ஆடி காருல ஏறிப் போகல. கல்யாணமாகி சிவகாசிக்குப் பஸ்ஸு ஏறிப் போனா. நீ பஸ்ஸு பின்னாலயே லோடு வண்டியில கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி வந்தே. பண்டல் ஒண்ணு வழியில விழுந்து, அதுக்குக் கணக்குப்பிள்ளைகிட்ட ஏச்சு வாங்கினே. இவ்வளவையும் கையில வச்சுக்கிட்டு நீ மஞ்சைத் தேடி கொடைக்கானல் போறியேலே!

போ. போயி ஆட்டுல ரெண்டை மட்டும் வித்துட்டு வா. கேமராக்காரனுக்கு அது போதும். ஷூட்டிங்கில பாட்டுப் போடுததுக்கு ஸ்பீக்கருக்கு வாடகை குடுத்துராதே. பரண்ல என் குழாய் ரெண்டு கெடக்கு. ஒண்ணுதான் பாடும். இன்னொண்ணு படத்துக்கு நல்லா இருக்கும்.